நியமன ஆணை இல்லாத குருக்கள்

2020 நவம்பர் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. கோயில் தக்கார், அதாவது அறங்காவலர் இடத்தில் அறநிலையத் துறை நியமித்த நிர்வாகி, அனுப்பியது. அரைப் பக்கம். கடைசி வரி இப்படி இருந்தது: "தங்களது நியமன ஆணையின் நகலைச் சமர்ப்பிக்காத நிலையில் தங்களைப் பணியில் அனுமதிக்க இயலாது எனத் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது."

அப்பா கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நியமன ஆணைன்னா என்னடா?" என்று கேட்டார். முப்பத்தேழு வருஷமாக ஒரே கோயிலில் பூஜை பண்ணியவர்.

நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பிஎஃப், இஎஸ்ஐ, டிடிஎஸ் என்று நாள் முழுக்க அடுத்தவர்களுடைய சம்பளக் கணக்குத்தான். அப்பாவின் பெயர் எந்தப் பதிவேட்டில், என்ன பதவியில் இருக்கிறது என்று அன்றுவரை ஒருநாள்கூட யோசித்ததில்லை. குருக்கள், பட்டர், பூசாரி வீடுகளில் என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் ஒன்றரை வருஷம் அலைந்து தெரிந்துகொண்டதை அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளட்டும்.

ஊர் கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில். சின்ன சிவன் கோயில், ஒருகால பூஜை. தாத்தா காலமாகி, காரியமெல்லாம் முடிந்த பிறகு 1983-இல் ஊர்ப் பெரியவர் ஒருவர் சாவிக்கொத்தை அப்பா கையில் கொடுத்தார். அவ்வளவுதான் நியமனம். கணக்குப் புத்தகத்தில் மாதச் சம்பளம் என்று அறுபது ரூபாயில் ஆரம்பித்து, கடைசியாக 750 ரூபாய். அதுவும் மாதாமாதம் வராது. கோயில் எழுத்தர் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ரசீதுக் கட்டோடு வருவார், அப்பா மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். மற்றபடி கோயில் கொடுக்கும் படித்தர அரிசி, தட்டுக் காசு. பிரதோஷம் என்றால் தட்டில் முந்நூறு, நானூறு விழும். சாதாரண நாளில் முப்பது ரூபாய் விழுந்தால் பெரிது. எங்களை வளர்த்ததும் படிக்க வைத்ததும் வெளியே பண்ணிய கணபதி ஹோமமும் கிரகப்பிரவேசமும்தான். குடியிருக்கும் வீடு கோயிலுக்குச் சொந்தமான அடிமனையில் இருக்கிறது. பூஜைக்கு ஈடாக அனுபவிக்கும் மானிய நிலமும் கொஞ்சம் உண்டு.

2020 ஜனவரி, ஆருத்ராவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, விடியற்காலை அம்பாள் சன்னதிப் படியில் எண்ணெய் வழிந்திருந்ததைப் பார்க்காமல் கால் வைத்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. கையில் தீர்த்தச் செம்பு இருந்ததால் பிடித்துக்கொள்ள முடியவில்லை. செம்பைக் கீழே போட்டிருந்தால் சுவரைப் பிடித்திருக்கலாம். அதை மட்டும் கேட்கக் கூடாது, கோபம் வரும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, ஆருத்ரா தவறக் கூடாதே என்று சித்தப்பா பையன் பக்கத்து ஊரிலிருந்து வந்து பூஜையை எடுத்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பக்தர்களுக்குக் கோயில் மூடல், பூஜை மட்டும் நடக்கலாம். தட்டே இல்லை. அவன் அரைப்படி அரிசிக்காகத் தினமும் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தான். அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நிறைய வருத்தம் இருந்தது, அது வேறு விஷயம்.

செப்டம்பரில் கோயில் திறந்ததும் அப்பா கைத்தடியோடு போனார். தக்கார் அன்றைக்கு வந்திருந்தார். "குருக்களே, நீங்க ஓய்வெடுங்க. தம்பி பாத்துக்கறாரு. இனிமே வர வேண்டாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் எனக்கு போன் செய்தது அம்மா.

எங்கள் ஆபீஸுக்கு வரும் ஒரு தொழிலாளர் வழக்கு வக்கீலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எழுத்துல குடுத்தாங்களா?" இல்லை என்றேன். "அப்ப இன்னும் எதுவுமே நடக்கலை. முதல்ல எழுத வையுங்க."

பணியில் சேர அனுமதி கோரி ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். தக்காருக்கு ஒன்று, அறநிலையத் துறை உதவி ஆணையர் அலுவலகத்துக்கு ஒன்று. நான் முதலில் எழுதிய வரைவில் எண்ணெய் வழிந்த படி, பரம்பரை, தாத்தா, ஊரின் நன்றிகெட்டதனம் எல்லாம் மூன்று பக்கத்துக்கு இருந்தது. வக்கீல் அதை ஏழு வரியாக்கினார். எந்த வருஷம் முதல் பணி, எந்தத் தேதியில் விபத்து, எந்தத் தேதியில் திரும்ப வந்தேன், யார் என்ன சொன்னார், பணியில் அனுமதிக்க வேண்டுகிறேன். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்ன அரைப் பக்கம். நாங்கள் அதைப் பார்த்து நொந்துபோயிருந்தோம், வக்கீலுக்கோ ஒரே சந்தோஷம். "இப்பதான் உங்க கையில ஒரு உத்தரவு இருக்கு. தபால் வந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, அதுல தேதி முத்திரை இருக்கும்" என்றார்.

கவருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? 1959-ஆம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 55, 56 என்று இரண்டு பிரிவுகள். அர்ச்சகர் உட்பட கோயிலின் எல்லாப் பணியாளர்களையும் நியமிப்பது அறங்காவலர், அல்லது அவர் இடத்தில் இருக்கும் தக்கார். இது 55. அவர்களுடைய கட்டுப்பாட்டில்தான் பணியாளர் இருப்பார், கீழ்ப்படியாமை, கடமை தவறுதல், ஒழுங்கீனம், இயலாமை போன்ற காரணங்களுக்காக அபராதம் போடலாம், இடைநீக்கம் செய்யலாம், நீக்கலாம், ஆனால் விதிப்படி உள்ள நடைமுறையைப் பின்பற்றித்தான் செய்ய வேண்டும். இது 56. அப்படித் தண்டிக்கப்பட்டவர், உத்தரவு கைக்குக் கிடைத்த தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் துறையின் மேல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். வாய்வார்த்தைக்குத் தேதியும் கிடையாது, முத்திரையும் கிடையாது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் பல பேருடைய மேல்முறையீடு ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. "வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

இதெல்லாம் பணியாளருக்குத்தான். அப்பா பணியாளர் என்று முதலில் நிரூபிக்க வேண்டுமே! தக்கார் தரப்பு பின்னால் அதைத்தான் பிடித்துக்கொண்டது. இவர் கோயில் பணியாளரே அல்ல, பரம்பரையாக வந்து தட்டுக் காசில் பிழைத்தவர், நியமனமே இல்லாதவரை நீக்குவது எப்படி?

வேடிக்கை என்னவென்றால், அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் என்ன சம்பளக்காரனாடா? சாமிக்கு முன்னாடி நிக்கறவன்." 1972 தீர்ப்பைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு வந்தால் அது எப்போதும் ஒரு துக்க சமாசாரம் மாதிரிதான் இருக்கும். பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கி 1971-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. முன்னவருக்கு அடுத்த வாரிசு என்பதால் மட்டுமே யாருக்கும் நியமன உரிமை கிடையாது என்றது. அதை எதிர்த்துப் போன சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது: அர்ச்சகர் கோயிலின் ஊழியர், அறங்காவலரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர், மடாதிபதி மாதிரி ஆன்மிகத் தலைவர் கிடையாது, அவரை நியமிப்பது மதச்சார்பற்ற செயல். ஆகமப்படி யார் தொட்டுப் பூஜை செய்யலாம் என்பது தனி, நியமனம் தனி என்று பிரித்துவிட்டது. "நம்மளை வேலைக்காரனாக்கிட்டாங்க" என்று தாத்தா சொன்னதை அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தீர்ப்பை நான் முதன்முதலாக முழுசாகப் படித்தது 2020 நவம்பரில், எங்கள் மேல்முறையீட்டு மனுவுக்காக. எங்கள் ஆட்கள் தோல்வி என்று சொல்லும் அதே வரிதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அர்ச்சகர் கோயிலின் ஊழியர் என்றால், ஊழியருக்குரிய விசாரணையும் மேல்முறையீடும் அவருக்கு உண்டு. பரம்பரை உரிமை என்று வாதாடப் போயிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். அப்பாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், மனுவில் கையெழுத்துப் போட்டார்.

மனு போட்டாயிற்று, அடுத்தது காகித வேட்டை. வீட்டில் இருந்ததையெல்லாம் கூடத்தில் பரப்பினோம். கும்பாபிஷேகப் பத்திரிகைகள் இரண்டு, அப்பா பெயரோடு. புகைப்படங்கள் நிறைய. ஆதீனம் ஒருவர் போர்த்திய பொன்னாடை. தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் அப்பா எழுதி வைத்த எண்ணெய்க் கணக்கு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. வக்கீல் பத்திரிகையையும் பொன்னாடையையும் ஓரமாக எடுத்து வைத்தார். பத்திரிகை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். காலண்டர் தாள் நாமே எழுதியது. வேண்டியது கோயில் பக்கம் உருவான காகிதம்.

அது என்னென்ன என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கோயில் கணக்கு பசலி ஆண்டுப்படி நடக்கும், ஜூலை முதல் ஜூன் வரை. ஆங்கில வருஷத்திலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி வரும். 1983 ஜூலையில் தொடங்குவது பசலி 1393. ஒவ்வொரு பசலிக்கும் வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் இருக்கும், அதில் உள்துறைப் பணியாளர் சம்பளம் என்று ஒரு தலைப்பு. அர்ச்சகர், பரிசாரகர், ஓதுவார், மெய்க்காவல், மேளம் எல்லாம் உள்துறை. எழுத்தர், காவலர், துப்புரவாளர் வெளித்துறை. அடுத்தது நகை சரிபார்ப்பு அறிக்கை. சாமி நகைகளை எடை போட்டுச் சரிபார்க்கும்போது அர்ச்சகரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். உண்டியல் திறப்பு நடவடிக்கைக் குறிப்பிலும் கையெழுத்து இருக்கும். சம்பள ரசீது எப்படியும் கோயிலில் இருக்கும், நம்மிடம் நகல் இருக்காது. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டதும் ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். அப்பா முப்பத்தேழு வருஷத்தில் நூறு ரசீதாவது போட்டிருப்பார், வீட்டில் ஒன்றுகூட இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உதவி ஆணையர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முதல் மனுவில் "என் தந்தையின் பணி விவரம் அனைத்தும்" என்று கேட்டேன். 'தங்கள் தந்தை பெயரில் பணிப்பதிவேடு ஏதும் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்னது உண்மைதான், தப்பு என்னுடையது. இரண்டாவது மனுவில் அப்பா பெயரையே எழுதவில்லை. இந்தக் கோயிலின் பசலி 1393 முதல் 1429 வரையிலான தணிக்கை அறிக்கைகளின் நகல், நகை சரிபார்ப்பு அறிக்கைகளின் நகல், கோயில் கோப்பைப் பார்வையிட அனுமதி. இப்படி ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் மழுப்ப இடம் குறைவு. முப்பது நாளில் வர வேண்டியது, முதல் மேல்முறையீடு போட்ட பிறகு எழுபதாவது நாள் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

கோப்பைப் பார்க்க நானே போனேன். மேசை ஓரத்தில் உட்கார்ந்து, கயிறு கட்டிய பழுப்புக் கோப்பைப் புரட்டினேன். எல்லாப் பசலியும் இல்லை. சில வருஷங்கள் கரையான் அரித்திருந்தது, சில வருஷங்களில் "அர்ச்சகர் சம்பளம்" என்று தொகை மட்டும், பெயர் இல்லை. பெயரோடு இருந்தவை பதினொன்று. அதில் பழையது பசலி 1394, அதாவது 1984–85. அறுபது ரூபாய், அப்பா பெயர், இனிஷியல் தப்பாக.

புரட்டிக்கொண்டே வந்தபோது 1998-ஆம் வருஷத்துக் குறிப்பு ஒன்று கிடைத்தது. அப்போதிருந்த அறநிலையத் துறை ஆய்வாளர் நீல மையில் எழுதியது. சாரம் இதுதான்: மேற்படி கோயில் அர்ச்சகருக்குப் பணிப்பதிவேடு தொடங்குவதற்கான படிவம் நேரில் வழங்கப்பட்டது. தான் கோயில் ஊழியர் அல்ல என்றும் பரம்பரைப் பூஜகர் என்றும் கூறி அர்ச்சகர் படிவத்தைப் பூர்த்தி செய்ய மறுத்துவிட்டார். கோப்பில் வைக்கப்படுகிறது.

படிவமும் கூடவே குத்தி வைக்கப்பட்டிருந்தது. வெற்றுப் படிவம். பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, கையெழுத்து எல்லாம் கோடு கோடாகக் காலி.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே அப்பாவுக்கு போன் செய்தேன். "1998-ல ஒரு ஆய்வாளர் ஃபாரம் கொண்டு வந்தாரா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "ஆமா. நல்ல மனுஷன். வெயில்ல நடந்து வந்தார், மோர் குடுத்தேன்" என்றார். "ஃபாரத்த ஏன்ப்பா நிரப்பல?" "அதுல மேல 'பணியாளர்'னு போட்டிருந்ததுடா."

நான் அந்தக் குறிப்பை மறைத்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். 'தான் கோயில் ஊழியர் அல்ல' என்று அவரே சொன்னதாக இருக்கிறதே! வக்கீல் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், இதைவிட நல்ல சாட்சி எங்க கிடைக்கும்? 1998-ல இவர்தான் அந்தக் கோயில் அர்ச்சகர்னு துறையே எழுதியிருக்கு. பணிப்பதிவேடு தொடங்கணும்னு துறையே நினைச்சிருக்கு. அவர் என்ன சொன்னார்ங்கறது அவரோட அபிப்பிராயம். ஊழியரா இல்லையான்னு சட்டம்தான் சொல்லணும்." பிறகு எங்கள் மனுவோடு சேர்த்த ஆவணங்களில் அந்தக் குறிப்புத்தான் முதல் இணைப்பாகப் போனது.

இதற்கு நடுவில் 2021 ஜூனில், மாதச் சம்பளம் இல்லாமல் கோயில்களில் பணிபுரியும் அர்ச்சகர், பட்டாச்சாரியார், பூசாரிகளுக்கு 4,000 ரூபாயும் 10 கிலோ அரிசியும் 15 வகை மளிகையும் என்று அரசு அறிவித்தது. எங்கள் கோயிலில் பட்டியலில் இருந்தது சித்தப்பா பையன் பெயர். அது நியாயம்தான், பூஜை செய்தது அவன். செப்டம்பரில் ஒருகால பூஜைத் திட்டத்தில் உள்ள 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வந்தபோதும் அவன் பெயர்தான். வாங்கிய முதல் ஆயிரத்தை அம்மா கையில் கொண்டுவந்து கொடுத்தான், அம்மா வாங்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு குறைந்தது அப்போதுதான். பதிலுக்கு ஆள் நிற்கும்போது, 'இன்ன தேதி முதல் இன்னாருக்குப் பதிலாக' என்று ஒரு வரி எழுதி, தக்காரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியிருந்தால் எங்களுக்குள் இந்த மனக்கசப்பு வந்திருக்காது. சொந்தக்காரனிடம் எழுதி வாங்குவதா என்று கூச்சம். அவனுக்கும் அந்தக் காகிதம் பாதுகாப்பாகத்தான் இருந்திருக்கும்.

அதே வருஷம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி, அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் படித்த எல்லா சாதியினரிலிருந்தும் 24 பேருக்கு நியமன ஆணை கொடுத்தார்கள். 2006-இல் அரசாணை வந்து, 207 பேர் பயிற்சி முடித்து, வழக்கில் மாட்டி வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். எங்கள் வட்டாரத்துப் பெரிய கோயில் ஒன்றுக்கும் ஒருவர் வந்தார். எங்கள் சங்கத்தில் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டாம். நான் அவரைப் பார்க்கப் போனது சொந்தக் காரியமாக: ஒரு நியமன ஆணை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பிளாஸ்டிக் ஃபோல்டரில் வைத்திருந்தார். பயிற்சிச் சான்றிதழ், தீட்சை பெற்ற விவரம், ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கையின் நகல், எல்லாம் வரிசையாக. "பதிமூணு வருஷம் இதுக்குத்தான் சார் காத்திருந்தேன், விட்டுடுவேனா" என்றார். எங்கள் மனுவின் நகலைக் காட்டினேன். படித்துவிட்டு, "ஐயாவுக்கு அடையாள அட்டையாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அதிர்ச்சியடைந்தது போலத்தான் தெரிந்தது. திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னபோது, அந்தப் பையனுக்கு ருத்ரம் ஸ்வரத்தோடு வருமா என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன். "அப்ப சரி."

விசாரணை நான்கு வாய்தா. அப்பாவை அழைத்துப் போனது இரண்டாவதுக்கு மட்டும். அதிகாரி மேலே பார்க்காமலேயே, "நீங்க கோயில் ஊழியரா?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கியது. அப்பா கொஞ்சம் யோசித்து, "சாமிக்கு ஊழியம் பண்றேன். கோயில்ல சம்பளம் குடுத்தா" என்றார். எழுத்தர் அதை, "ஆம், கோயிலில் சம்பளம் பெற்றேன்" என்று பதிவு செய்தார். அதில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

2022 தொடக்கத்தில் உத்தரவு வந்தது. தணிக்கை அறிக்கைகளும் 1998 குறிப்பும் இருக்க, பணியாளர் அல்ல என்று சொல்வது ஏற்கத்தக்கதல்ல. விளக்கம் கேட்காமல், விசாரணை இல்லாமல் பணி மறுத்தது செல்லாது. மீண்டும் அனுமதித்து, பணிப்பதிவேடு தொடங்க வேண்டும். இடைப்பட்ட காலச் சம்பளம் என்று மாதம் 750 கணக்கில் ஒரு தொகை. எங்கள் செலவில் கால்வாசிகூடத் தேறாது. பணத்துக்காக நாங்கள் போகவில்லை. வீடு கோயில் அடிமனை என்று சொன்னேனே, அதற்காகத்தான். மானிய நிலமும் சேவையோடு கட்டப்பட்டது, சேவை நின்றால் அதுவும் கேள்விக்குள்ளாகும். துறை ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, அப்படிச் செய்தால் செல்லாது. எங்கள் தெருவிலேயே வெள்ளைத் தாளில் எழுதி மானிய நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டவர்கள் உண்டு. அவர்களால் சம்பளப் பாக்கி என்றுகூட வாய் திறக்க முடியாது, திறந்தால் நிலக் கதை வெளியே வரும்.

இதைப் பற்றி ஆபீஸில் பேசிக்கொண்டிருக்கும்போது ஆடிட்டர் ஒன்று சொன்னார். எங்களுக்கு அரசு உதவிபெறும் கத்தோலிக்கப் பள்ளிகள் சில வாடிக்கையாளர்கள். அங்கே டீச்சராக இருக்கும் கன்னியாஸ்திரிகள் வாங்கும் சம்பளம் முழுக்க சபைக்குப் போய்விடும், வறுமை விரதம். தங்களுக்கென்று ஒன்றும் இல்லை, துறவு பூண்டதே ஒருவகையில் இறந்ததற்குச் சமம், அதனால் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே கழிக்கும் வருமான வரி, பிடிக்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் வழக்கு நடந்தது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் பிடிக்கலாம் என்றது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. யார் பெயருக்குச் சம்பளம் வருகிறதோ அவருக்கு அது சம்பளம்தான், அப்புறம் யாருக்குக் கொடுத்தாலும். "அந்த சிஸ்டருக்கு எல்லாக் காகிதமும் இருக்கு, காசு கையில நிக்கலை. உங்க அப்பாவுக்குத் தட்டுக் காசு கையில நின்னது, காகிதம் இல்லை" என்றார் ஆடிட்டர். பள்ளிவாசல் இமாம்கள் விஷயத்தில் 1993-இலேயே இதே வாதம் வந்திருக்கிறது: எங்களுக்கும் அவர்களுக்கும் முதலாளி–தொழிலாளி உறவே இல்லை என்றன வக்ஃப் வாரியங்கள். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளாமல் ஊதியத் திட்டம் வகுக்கச் சொன்னது. கோயில், சர்ச், மசூதி எங்கே போனாலும் ஒருபக்கம் 'இது வேலை இல்லை, தொண்டு' என்று யாராவது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொண்டு செய்பவர் சொன்னால் அதில் ஒரு அழகு இருக்கிறது. சம்பளம் கொடுக்க வேண்டியவர் சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அப்பா திரும்பப் போய் பதினோரு மாதம் பூஜை பண்ணினார். உட்கார்ந்து எழ முடியவில்லை. அபிஷேகத்துக்குக் குடம் தூக்க சித்தப்பா பையனையே கூப்பிட்டுக்கொண்டார், பேச்சு அப்படித்தான் மறுபடி ஆரம்பித்தது. 2023 ஜனவரியில் அவரே எழுதிக் கொடுத்து விலகினார். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில், பணியில் சேர்ந்த தேதி 1.7.1984 என்று இருக்கிறது. தணிக்கை அறிக்கை பெயரோடு கிடைத்தது பசலி 1394-லிருந்துதான் என்பதால் முதல் ஒரு வருஷம் போயே போயிற்று. பதவி என்ற இடத்தில் 'அர்ச்சகர்', அடைப்புக்குறிக்குள் 'உள்துறைப் பணியாளர்'. கையெழுத்துப் போடும்போது அந்த அடைப்புக்குறியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு போட்டார். நான் பக்கத்தில் நின்றேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது பூஜை சித்தப்பா பையன் பொறுப்பில். 'அர்ச்சகர் பணியிடம் காலியாக இருப்பதால் விதிகளின்படி நியமனம் வழங்கக் கோரி' என்று அவனுக்கு மனு எழுதிக் கொடுத்தது நான், பக்கத்தில் உட்கார்ந்து சொற்களைத் திருத்தியது அப்பா. 'பரம்பரை' என்ற சொல்லை அவரே அடித்தார். தட்டில் என்ன விழுந்தாலும் சரி, மாதக் கடைசியில் ரசீதைப் படம் எடுக்காமல் வரக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. ஆணை இன்னும் வரவில்லை. மூன்றாவது நினைவூட்டல் போன வாரம் போயிருக்கிறது, ஒப்புகை அட்டைக்காகக் காத்திருக்கிறோம்.